மூன்று ஆளுநரும் ஓர் ஆசனமும்: ஜோர்ஜியா மாநிலத்தின் 1946ஆம் ஆண்டுத் தேர்தல்

ஓர் அரசியற்றிட்டம் எத்துணைக் கவனத்துடன் எழுதப்படினும், அதனை எழுதியோர் எண்ணிப் பாராத நிகழ்ச்சி ஒன்று என்றேனும் ஒருநாள் நேர்ந்தே தீரும். அத்தகைய நாளில் ஆட்சி செய்வோர் எவ்வாறு ஒழுகுகின்றனர், நீதிமன்றங்கள் யாது கூறுகின்றன, மக்கள் எதனைப் பொறுத்துக்கொள்கின்றனர் என்பவற்றை நோக்கியே ஒரு நாட்டின் சனநாயகம் எத்தன்மையது என நாம் அறிதல் கூடும். இவ்வுண்மைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாக விளங்குவது ஐக்கிய அமெரிக்காவின் தென்பாகத்தேயுள்ள ஜோர்ஜியா மாநிலத்தில் 1946ஆம் ஆண்டு நடைபெற்ற தேர்தலாகும்.

அத்தேர்தலின் விளைவாக, 1947ஆம் ஆண்டு யனவரி மாதத்தில், அம்மாநிலத்தின் தலைநகராகிய அற்லாந்தாவில் மூவர் ஒரே காலத்தில் ஆளுநர் பதவிக்கு உரிமை கொண்டாடினர். ஒருவர் பதவிக் காலம் முடிந்தும் இறங்க மறுத்தவர். மற்றொருவர் சட்டமன்றத்தால் நள்ளிரவின் பின் தெரிவுசெய்யப்பட்டவர். மூன்றாமவர் துணை ஆளுநராக மக்களால் தெரிவுசெய்யப்பட்டவர். கதவுகள் உடைக்கப்பட்டன, பூட்டுக்கள் மாற்றப்பட்டன, மாநில முத்திரை ஒளித்துவைக்கப்பட்டது. இவ்வரலாற்றை வேடிக்கைக் கதையாகக் கூறி மகிழ்வோர் பலர். ஆயினும் ஊன்றி நோக்குவார்க்கு இதனுள் இரு வேறு அநீதிகள் புலப்படும். ஒன்று ஆரவாரத்தோடு நிகழ்ந்தது. உலகத்தார் அனைவரும் கண்டது. மற்றொன்று அதற்கு ஆறு மாதங்களின் முன், ஓசை எதுவுமின்றி, சட்டத்தின் துணைகொண்டே நிகழ்ந்தது. இவ்விரண்டனுள் எது பெரிது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

மாநிலமும் கட்சியும்

ஐக்கிய அமெரிக்காவின் ஒவ்வொரு மாநிலமும் தனக்கெனத் தனியான அரசியற்றிட்டமும், ஆளுநரும், சட்டமன்றமும், உயர் நீதிமன்றமும் உடையது. அம்மாநிலங்களின் ஆளுநர் மத்திய அரசினரால் நியமிக்கப்படுபவர் அல்லர். மக்களின் வாக்கினாலே தெரிவுசெய்யப்படுபவர். ஆதலின் ஆளுநர் தேர்தல் மாநில அரசியலில் தலையாய இடம் பெறுகின்றது.

அமெரிக்க உள்நாட்டுப் போரின் பின் சில ஆண்டுகள் குடியரசுக் கட்சியினர் ஜோர்ஜியாவை ஆண்டனர். அவர்தம் ஆட்சி நீங்கிய பின், 1872 முதல் 2003 வரை அக்கட்சியைச் சேர்ந்த ஆளுநர் ஒருவரேனும் அங்குப் பதவி வகித்ததில்லை. சனநாயகக் கட்சி ஒன்றே மாநிலத்தைத் தனியாட்சி செய்தது. எனவே, நவம்பர் மாதத்தில் நடைபெறும் பொதுத் தேர்தல் பெரும்பாலும் வெறுஞ் சடங்காகவே கழிந்தது. சனநாயகக் கட்சியின் அபேட்சகர் யார் என்பதைத் தீர்மானிக்கும் முதனிலைத் தேர்தலே உண்மைத் தேர்தலாயிற்று. அம்முதனிலைத் தேர்தலில் வெள்ளையர் மட்டுமே வாக்களிக்கலாம் என 1900ஆம் ஆண்டு தொட்டுக் கட்சி விதி வகுத்திருந்தது. பொதுத் தேர்தலில் வாக்களிக்கக் கறுப்பினத்தாருக்கு ஏட்டளவில் உரிமை இருந்தபோதும், முடிவு யாவும் ஏற்கெனவே செய்யப்பட்ட பின்னர் வாக்களிப்பதனால் ஆவது யாதுமில்லை.

மாவட்ட அலகு முறை

வெள்ளையர்தம் வாக்குக்களும் தம்முள் ஒத்த மதிப்புடையனவாக எண்ணப்படவில்லை. கவுண்டி எனப்படும் 159 மாவட்டங்களைக் கொண்டது ஜோர்ஜியா. 1917ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டமொன்றின்படி, சனத்தொகையால் மிகப் பெரிய 8 மாவட்டங்களுக்கு ஒவ்வொன்றிற்கும் 6 அலகும், அவற்றின் அடுத்த 30 மாவட்டங்களுக்கு ஒவ்வொன்றிற்கும் 4 அலகும், எஞ்சிய 121 சிறு மாவட்டங்களுக்கு ஒவ்வொன்றிற்கும் 2 அலகும் வழங்கப்பட்டன. மொத்தம் 410 அலகுகள். ஒரு மாவட்டத்தில் ஏனையோரினும் கூடிய வாக்குப் பெற்றவர் அம்மாவட்டத்தின் அலகுகள் முழுவதையும் பெறுவார். மாநிலம் முழுவதிலும் கூடிய வாக்குப் பெற்றவர் அல்லர், கூடிய அலகு பெற்றவரே வெற்றியாளர்.

இதன் பயனை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். 1960ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி, அற்லாந்தா நகரின் பெரும்பகுதி அடங்கிய புல்டன் மாவட்டத்தில் 556,326 மக்கள் வாழ்ந்தனர். அதற்கு 6 அலகு. எக்கல்ஸ் என்னும் சிறு மாவட்டத்தில் வாழ்ந்தோர் 1,876 பேர். அதற்கு 2 அலகு. வகுத்துப் பார்ப்பின், எக்கல்ஸ் மாவட்டத்தார் ஒருவரின் செல்வாக்கு, புல்டன் மாவட்டத்தார் தொண்ணூற்றொன்பதின்மரின் செல்வாக்கிற்கு ஏறத்தாழ ஒப்பாகும். 121 சிறு மாவட்டங்களின் அலகுகள் மட்டுமே கூட்டினால் 242 ஆகும். வெற்றிக்கு வேண்டியதோ 206. ஆகவே, நகரங்கள் அனைத்தையும் இழந்த ஒருவரும் நாட்டுப்புறத்தை மட்டும் துணைக்கொண்டு ஆளுநராதல் இயலும். நகரங்களிலே வளர்ந்துவந்த தொழிலாளரும், கற்றோரும், கறுப்பினத்தாரும் எவ்வளவு பெருகினும் அவர்தம் எண்ணிக்கைக்கு ஏற்ற பலம் அவர்க்குக் கிட்டாதவாறு இம்முறை காத்து நின்றது.

தல்மேஜும் ஆர்னலும்

இம்முறையை நன்கு அறிந்து பயன்படுத்தியவர் யூஜீன் தல்மேஜ். வழக்கறிஞராகவும் கமக்காரராகவும் விளங்கிய அவர், 1926இல் மாநில விவசாய ஆணையாளராகத் தெரிவாகி, பின்னர் 1932, 1934, 1940 ஆகிய ஆண்டுகளில் ஆளுநராக வெற்றி பெற்றார். காற்சட்டையைத் தாங்கும் சிவந்த தோட்பட்டிகளை அணிந்து, கிராமத்துச் சந்திகளிலே நின்று, வறிய வெள்ளைக் கமக்காரரின் மொழியிலே பேசும் ஆற்றல் அவர்க்கு இருந்தது. அவ்வறியோரின் மனக்குறைகளை அவர் அறிந்திருந்தார் என்பதை மறுத்தல் நேர்மையாகாது. ஆனால் அக்குறைகளுக்கு மருந்தாக அவர் அளித்தது பெரும்பாலும் இனப் பகையே.

1941ஆம் ஆண்டில் அவர் செய்த செயலொன்று கல்வியுலகை அதிர்ச்சிக்கு உள்ளாக்கியது. ஜோர்ஜியாப் பல்கலைக்கழகத்தின் கல்வித் துறைத் தலைவராயிருந்த வோல்ற்றர் கொக்கிங் என்பார், இனங்கள் ஒருங்கு பயிலுவதை ஆதரித்தார் என்று குற்றஞ் சாட்டி, அவரைப் பதவியினின்று நீக்கும்படி தல்மேஜ் வற்புறுத்தினார். நிருவாக சபையார் முதலில் இணங்காராக, சபையின் உறுப்பினரை மாற்றித் தம் எண்ணத்தை நிறைவேற்றினார். அரசியல் தலையீட்டைக் கண்ட தென்மாநிலக் கல்லூரிச் சங்கம், பல்கலைக்கழகத்துக்கும் வேறு அரச கல்லூரிகளுக்கும் வழங்கியிருந்த அங்கீகாரத்தை நீக்கிற்று. தாம் பெறும் பட்டத்திற்கு மதிப்பிராது என்று உணர்ந்த மாணவர் கிளர்ந்தெழுந்தனர். அவர்தம் பெற்றோரும் சினந்தனர். 1942ஆம் ஆண்டுத் தேர்தலில் தல்மேஜ் தோல்வியுற்றார். கல்லூரிகளின் சுதந்திரமே அத்தேர்தலின் முதன்மையான பொருளாயிருந்தமை ஈண்டு நினைவு கூரத்தக்கது.

அவரை வென்ற எலிஸ் ஆர்னல் அப்போது 35 வயதினர். அவர் ஆட்சியில் பல்கலைக்கழக நிருவாக சபை ஆளுநரின் கைக்கு எட்டாதவாறு அரசியற்றிட்டத்தாற் காக்கப்பட்டது. 1943இல் வாக்களிக்கும் வயது 18 ஆகக் குறைக்கப்பட்டது. அமெரிக்க மாநிலங்களுள் இதனை முதன்முதற் செய்தது ஜோர்ஜியாவே. வறியவரை வாக்குச் சாவடிக்கு வாராது தடுத்த தலைவரி 1945இல் ஒழிக்கப்பட்டது. அதே ஆண்டில் புதிய அரசியற்றிட்டமும் மக்களால் ஏற்றுக்கொள்ளப்பட்டது. துணை ஆளுநர் என்னும் புதிய பதவி அதனாலேயே உண்டாயிற்று. ஆளுநர் ஒருவர் தொடர்ந்து இரண்டாம் முறை பதவி வகித்தல் கூடாதாகையால், 1946இல் ஆர்னல் மீண்டும் போட்டியிட இயலவில்லை.

புதிய வாக்காளர்

1944ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், டெக்சஸ் மாநிலத்து வழக்கொன்றிலே, வெள்ளையருக்கு மட்டும் உரிய முதனிலைத் தேர்தல் நாட்டின் அரசியற்றிட்டத்துக்கு மாறானது என ஐக்கிய அமெரிக்காவின் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு யூலை 4ஆம் திகதி, அமெரிக்கரின் சுதந்திர தினத்தன்று, ஜோர்ஜியாவின் கொலம்பஸ் நகரில் முடிதிருத்துவோராகவும் சமய போதகராகவும் விளங்கிய பிரைமஸ் கிங் என்னும் கறுப்பினத்தார் முதனிலைத் தேர்தலில் வாக்களிக்கச் சென்று திருப்பி அனுப்பப்பட்டார். அவர் தொடுத்த வழக்கு 1946ஆம் ஆண்டு வசந்த காலத்தில் முடிவான வெற்றி பெற்றது. தீர்ப்பை மீறுதற்கு வழி தேடுமாறு பலர் தூண்டியபோதும் ஆளுநர் ஆர்னல் அதற்கு இணங்கவில்லை.

ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட கறுப்பினத்தார் வாக்காளராகப் பதிவு செய்துகொண்டனர். இதுவே யூஜீன் தல்மேஜின் தேர்தல் முழக்கத்துக்குப் பொருளாயிற்று. தாம் வெற்றி பெறின் வெள்ளையர் முதனிலைத் தேர்தலை மீட்டுத் தருவதாக அவர் ஊரூராகச் சென்று வாக்குறுதி அளித்தார். பல மாவட்டங்களில் அவர்தம் ஆதரவாளர் கறுப்பின வாக்காளரின் பெயர்களைப் பட்டியலிலிருந்து நீக்குவிக்க முயன்றனர்.

அவரை எதிர்த்தவருள் முதல்வர் ஜேம்ஸ் கார்மைக்கேல். போர்க்காலத்தில் மறியெற்றா நகரில் அமைந்த பெரிய குண்டுவீச்சு விமானத் தொழிற்சாலையை நிருவகித்தவர். ஆர்னலின் ஆதரவைப் பெற்றவர். முன்னாள் ஆளுநராகிய ஈ. டி. றிவேர்சும் போட்டியிட்டார்.

யூலை 17

1946ஆம் ஆண்டு யூலை 17ஆம் திகதி முதனிலைத் தேர்தல் நடைபெற்றது. கார்மைக்கேல் 313,389 வாக்குக்களும், தல்மேஜ் 297,245 வாக்குக்களும், றிவேர்ஸ் 69,489 வாக்குக்களும் பெற்றனர். கார்மைக்கேல் 16,144 வாக்குக்களால் முன்னின்றார். ஆனால் அலகுகளை எண்ணியபோது தல்மேஜுக்கு 242, கார்மைக்கேலுக்கு 146, றிவேர்சுக்கு 22 எனக் கணக்கு மாறியது. மொத்த வாக்குக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 43 பெற்றவர் அலகுகளில் நூற்றுக்கு 59 பெற்று வெற்றியாளராயினார். கார்மைக்கேலும் அறுதிப் பெரும்பான்மை பெற்றிலர் என்பது உண்மையே. ஆயினும் கூடிய மக்களின் விருப்பைப் பெற்றவர் வீட்டுக்குச் செல்ல, குறைந்த மக்களின் விருப்பைப் பெற்றவர் ஆட்சிக்கு உரியவரானார். அன்று எவரும் எக்கதவையும் உடைக்கவில்லை. எல்லாம் சட்டப்படியே நிகழ்ந்தன. வாக்காளர் சிலர் இதனை எதிர்த்து நாட்டின் உயர் நீதிமன்றம் வரை சென்றனர். அந்நீதிமன்றம் அவ்வழக்கை அவ்வாண்டு அக்டோபர் மாதத்திலேயே தள்ளுபடி செய்தது.

தேர்தலின் வெப்பம் வாக்குப் பெட்டியோடு தணியவில்லை. ரெயிலர் மாவட்டத்தில், இரண்டாம் உலகப் போரில் சேவை செய்து திரும்பிய மேசியோ சினைப்ஸ் என்னும் கறுப்பினத்தார் அத்தேர்தலில் வாக்களித்தார். மறுநாள் தம் வீட்டின் முன் சுடப்பட்டு, இரு நாட்களின் பின் உயிர் நீத்தார். யூலை 25ஆம் திகதி, மூர்ஸ் போர்ட் என்னும் ஆற்றுப் பாலத்தருகே கறுப்பினத் தம்பதியர் இருவர், நால்வருமாக, கும்பலொன்றினாற் சுட்டுக் கொல்லப்பட்டனர். இக்கொடுமைகளால் மனம் வெதும்பிய பதினேழு வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர், தம் இனத்தார் வேண்டுவது குடிமக்கட்குரிய அடிப்படை உரிமைகளே என விளக்கி அற்லாந்தாப் பத்திரிகையொன்றுக்குக் கடிதம் வரைந்தார். அது ஓகஸ்ற் மாதம் வெளிவந்தது. அம்மாணவரின் பெயர் மார்ட்டின் லூதர் கிங்.

நவம்பர் 5

நவம்பர் 5ஆம் திகதி பொதுத் தேர்தல் வந்தது. ஆளுநர் பதவிக்கு அச்சிட்ட வாக்குச் சீட்டில் யூஜீன் தல்மேஜின் பெயர் ஒன்றே இருந்தது. துணை ஆளுநர் பதவிக்கு எம். ஈ. தொம்சன் போட்டியின்றி நின்றார். இவர் ஆசிரியத் தொழிலினின்று அரசியலுக்கு வந்தவர். ஆர்னலின் அணியைச் சேர்ந்தவர். முதனிலைத் தேர்தலில் ஏறத்தாழ ஆறு இலட்சத்துத் தொண்ணூறாயிரம் பேர் வாக்களித்திருக்க, பொதுத் தேர்தலில் தல்மேஜ் பெற்ற வாக்குக்கள் 143,279 மட்டுமே. முடிவு தெரிந்த ஆட்டத்தைக் காண மக்கள் வரவில்லை.

ஆனால் தல்மேஜ் கடும் நோயுற்றிருந்தார். அவர் பதவியேற்கு முன் இறப்பின் யாது நிகழும் என அவர்தம் நெருங்கிய ஆதரவாளர் இரகசியமாக ஆராய்ந்தனர். அமெரிக்கத் தேர்தல்களில், அச்சிட்ட சீட்டிலே பெயரில்லாத ஒருவரின் பெயரை வாக்காளர் தம் கையால் எழுதி வாக்களிக்கும் வழக்கம் உண்டு. அவ்வழியே தல்மேஜின் மைந்தர் ஹேர்மன் தல்மேஜின் பெயரைச் சில நூறு பேர் எழுதும்படி அவர்கள் ஏற்பாடு செய்தனர். கார்மைக்கேலின் பெயரையும், குடியரசுக் கட்சியினராகிய தல்மேஜ் போவேர்ஸ் என்பாரின் பெயரையும் வேறு சிலர் எழுதினர்.

1946 டிசம்பர் 21ஆம் திகதி, பதவியேற்பதற்குச் சில வாரங்களே இருக்க, யூஜீன் தல்மேஜ் தமது 62ஆவது வயதில் காலமானார்.

மூன்று வாசகங்கள்

புதிய அரசியற்றிட்டத்தை எழுதியோர், ஆளுநராகத் தெரிவானவர் பதவியேற்கு முன் இறந்தால் யாது செய்வது என்பதைத் தெளிவாகக் கூறவில்லை. அத்திட்டத்திலிருந்த மூன்று வாசகங்கள் மூவர்க்கு இடங் கொடுத்தன.

முதலாவது: ஆளுநர் நான்காண்டுகளும், அவர் பின் வருபவர் தெரிவாகித் தகுதிபெறும் வரையும் பதவி வகிப்பார் என்பது. தம் பின் வருபவர் இன்னும் தகுதி பெறவில்லையாதலால் தாமே ஆளுநர் என்றார் ஆர்னல். துணை ஆளுநர் பதவியேற்றதும் அவரிடம் ஆட்சியை ஒப்படைப்பேன் என்றும் அறிவித்தார்.

இரண்டாவது: ஆளுநர் இறப்பின் துணை ஆளுநர் அவர்தம் அதிகாரத்தைச் செலுத்துவார் என்பது. அதன்படி தாமே உரியவர் என்றார் தொம்சன். இறந்தவர் ஆளுநராகப் பதவியேற்றவர் அல்லரே என மறுதரப்பினர் வாதித்தனர்.

மூன்றாவது: எவரும் அறுதிப் பெரும்பான்மை பெறாவிடின், கூடிய வாக்குப் பெற்றவருள் உயிரோடிருப்பவரும் பதவியை மறுக்காதவருமாகிய இருவரினின்று ஒருவரைச் சட்டமன்றம் தெரிவுசெய்யும் என்பது. இறந்தவரை நீக்கிப் பார்ப்பின் எவர்க்கும் பெரும்பான்மை இல்லை. ஆகவே தெரிவுசெய்யும் உரிமை சட்டமன்றத்துக்கே உண்டு என்றனர் ஹேர்மன் தல்மேஜின் அணியினர்.

இம்மூன்று வாசகங்களும் தனித்தனியே நோக்குங்கால் குற்றமற்றவை. ஒன்றோடொன்று இணைத்துப் பார்த்தபோதே இடைவெளி தோன்றிற்று. மொழியில் இருந்த அவ்விடைவெளியை நிரப்ப ஆட்பலம் முன்வந்தது.

யனவரி இரவு

1947 யனவரி 13ஆம் திகதி சட்டமன்றம் கூடிற்று. தல்மேஜ் ஆதரவாளர் நாட்டுப்புறங்களிலிருந்து திரண்டு வந்து மண்டபங்களையும் நடைவழிகளையும் நிறைத்தனர். வாக்குக்களை எண்ணியபோது எதிர்பாராத இடர் தோன்றிற்று. கையால் எழுதப்பட்ட வாக்குக்களுள் கார்மைக்கேலுக்கு 669, போவேர்சுக்கு 637, ஹேர்மனுக்கு 617 எனக் கணக்கு வந்தது. மூன்றாம் இடத்தில் நின்றவரைச் சட்டமன்றம் கருதவும் வழியில்லை. அந்நிலையில், தல்மேஜ் குடும்பத்தாரின் சொந்த இடமாகிய தெல்பெயர் மாவட்டத்தினின்று எண்ணப்படாத 58 வாக்குக்கள் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. அவை அனைத்தும் ஹேர்மனுக்கே உரியன. 617 என்பது 675 ஆயிற்று, மூன்றாமவர் முதல்வரானார்.

யனவரி 15ஆம் திகதி, பொழுது விடிவதற்குப் பல மணி நேரம் முன்னரே, சட்டமன்றம் ஹேர்மன் தல்மேஜை ஆளுநராகத் தெரிவுசெய்தது. 161 உறுப்பினர் ஆதரித்தனர். 87 பேர் இணங்கவில்லை. அப்போது அவருக்கு 33 வயது. தெரிவானதும் அவர்தம் ஆதரவாளர் ஆளுநரின் அலுவலகத்தை நோக்கிச் சென்றனர். கதவு உடைபட்டது, கைகலப்பு நிகழ்ந்தது. ஆர்னல் பதவியை ஒப்படைக்க மறுத்துவிட்டார். மறுநாள் ஹேர்மனின் ஆட்கள் அலுவலகத்தையும் ஆளுநர் மாளிகையையும் கைப்பற்றிப் பூட்டுக்களை மாற்றினர். ஆர்னல் சட்டமன்றக் கட்டடத்தின் நடுமண்டபத்தில், வருவோர்க்குத் தகவல் கூறும் மேசையருகே அமர்ந்து தம் அலுவலை நடத்தலானார். அங்கும் இருக்க இயலாமற் போகவே நகரிலுள்ள வேறொரு கட்டடத்துக்குச் சென்றார். யனவரி 18ஆம் திகதி தொம்சன் துணை ஆளுநராகப் பதவியேற்றார். ஆர்னல் முன்பு கூறியவாறே தம் பதவியைத் துறந்தார். தொம்சன் நகரில் வேறோர் அலுவலகம் அமைத்து, ஆட்சியதிகாரம் தமக்கே உரியது என்றார்.

மாநிலத்தின் பெருமுத்திரை பொறிக்கப்படாத ஆவணம் செல்லாது. அம்முத்திரையைக் காக்கும் கடமை மாநிலச் செயலாளராகிய பென் போர்ட்சன் என்பவருக்கு உரியது. விபத்தொன்றினால் நடக்க இயலாதவராய்ச் சக்கர நாற்காலியிலே இருந்து கடமையாற்றிய அவர், உரியவர் யார் என நீதிமன்றம் கூறும் வரை முத்திரையை எவர்க்கும் கொடுப்பதில்லை எனத் துணிந்து, அதனைத் தம் நாற்காலியிலே ஒளித்துவைத்து அதன்மேல் அமர்ந்திருந்தார். இக்குழப்பத்தின் நடுவே, எக்கட்சியையும் சாராது சட்டத்தைச் சார்ந்து நின்ற அலுவலர் ஒருவரின் உறுதி போற்றத்தக்கது.

ஹேர்மன் ஆளுநராக இருந்து முதலிற் செய்தவற்றுள் ஒன்று, தந்தையின் வாக்குறுதியை நிறைவேற்ற முற்பட்டமையாகும். முதனிலைத் தேர்தல் பற்றிய சட்டங்கள் அனைத்தையும் நீக்கி, அத்தேர்தலைக் கட்சியின் தனிப்பட்ட காரியமாக்கி, கறுப்பினத்தாரை மீண்டும் புறத்தே நிறுத்தும் மசோதாவைச் சட்டமன்றம் நிறைவேற்ற, அவர் அதில் ஒப்பமிட்டார். பதவிக்காக நடைபெற்ற போராட்டத்தின் உட்பொருள் யாது என்பது இதனால் விளங்கும்.

அகர வரிசையில் வந்த வாக்காளர்

மார்ச் மாதத் தொடக்கத்தில், அற்லாந்தா ஜேர்னல் என்னும் பத்திரிகையின் நிருபர் ஜோர்ஜ் குட்வின், தெல்பெயர் மாவட்டத்து 58 வாக்குக்களின் வரலாற்றை வெளியிட்டார். வாக்களித்தோர் பட்டியலை அவர் ஆராய்ந்தபோது, இறுதியிலிருந்த 34 பெயர்கள் அகர வரிசையிலே அமைந்திருக்கக் கண்டார். வாக்காளர் தம் பெயரின் முதலெழுத்துப்படி ஒருவர்பின் ஒருவராக வந்து வாக்களித்தனர் என்று நம்புதல் இயலுமோ? அப்பெயருடையோரைத் தேடிச் சென்றபோது, சிலர் இறந்துவிட்டனர். சிலர் ஊரை விட்டு நீங்கிவிட்டனர். வேறு சிலர் தாம் வாக்களிக்கவே இல்லை என்றனர். இவ்வாராய்ச்சிக்காகக் குட்வின் 1948ஆம் ஆண்டின் புலிற்சர் பரிசைப் பெற்றார். வரலாறு பயிலும் மாணவர்க்கு இதில் ஒரு பாடமுண்டு. பட்டியலொன்றைப் பொறுமையோடு வாசிப்பவன், மேடையிற் பேசும் பலரினும் கூடிய உண்மையை வெளிப்படுத்தல் கூடும்.

தீர்ப்பு

கீழ் நீதிமன்றங்களின் தீர்ப்புக்கள் ஒன்றோடொன்று முரண்பட்டமையின், வழக்கு மாநில உயர் நீதிமன்றத்தை அடைந்தது. 1947 மார்ச் 19ஆம் திகதி, நீதிபதிகளுள் ஐவர் ஒரு பக்கமாகவும் இருவர் மறுபக்கமாகவும் தீர்ப்பு வழங்கினர். பெரும்பான்மையோர் கூறியதன் சாரம் இதுவாகும்: பொதுத் தேர்தலில் யூஜீன் தல்மேஜ் அறுதிப் பெரும்பான்மை பெற்றார், அவர் இறந்தமையால் அப்பெரும்பான்மை இல்லையாகிவிடாது, எனவே சட்டமன்றம் ஆளுநரைத் தெரிவுசெய்யும் சந்தர்ப்பம் எழவே இல்லை. உரியவர் தகுதிபெறாமையின் ஆர்னல் பதவியில் நீடித்தார். அவர் பதவி துறந்ததும் அதிகாரம் துணை ஆளுநராகிய தொம்சனைச் சார்ந்தது.

ஹேர்மன் தல்மேஜ் அன்றே அலுவலகத்தை விட்டு வெளியேறினார். கதவை உடைத்துப் பெற்ற பதவியை, எழுதிய தீர்ப்பொன்றின் முன் வாதமின்றிக் கைவிட்டமை குறிப்பிடத்தக்கது. அவர் ஒப்பமிட்ட வெள்ளையர் முதனிலைத் தேர்தல் மசோதாவும் நடைமுறைக்கு வரவில்லை.

பின் நிகழ்ந்தவை

தீர்ப்பு சட்டத்தை நிலைநாட்டியதாயினும் மக்களின் மனத்தை மாற்றவில்லை. 1948இல் எஞ்சிய காலத்துக்காக நடைபெற்ற தேர்தலில் ஹேர்மன் தல்மேஜ் தொம்சனை வென்று முறைப்படி ஆளுநரானார். 1950இலும் வெற்றி பெற்றார். 1957 முதல் 1981 வரை ஐக்கிய அமெரிக்க செனற் சபையிலும் அங்கம் வகித்தார்.

அலகு முறையைப் பொதுத் தேர்தலுக்கும் விரிக்க அவர்தம் அணியினர் 1950இலும் 1952இலும் அரசியற்றிட்டத் திருத்தங்களைக் கொணர்ந்தனர். இவற்றின்மீது மக்கள் வாக்களித்தபோது, அலகுகள் அன்றித் தலைகளே எண்ணப்பட்டன. இரு திருத்தங்களும் தோல்வியுற்றன. தலைகளை எண்ணும்போது ஜோர்ஜியா மக்கள் யாது விரும்பினர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

ஈற்றில், புல்டன் மாவட்டத்து வாக்காளர் ஒருவர் தொடுத்த வழக்கிலே, 1963 மார்ச் 18ஆம் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் உயர் நீதிமன்றம் எட்டு நீதிபதிகள் ஆதரிக்க ஒருவர் எதிர்க்க, மாவட்ட அலகு முறை செல்லாது எனத் தீர்த்தது. அமெரிக்க அரசினர் சார்பில் அவ்வழக்கில் வாதித்தவர் அந்நாட்டுச் சட்டமா அதிபராயிருந்த றொபேர்ட் கென்னடி. ஒருவருக்கு ஒரு வாக்கு என்னும் கோட்பாடு அத்தீர்ப்பினால் அமெரிக்கச் சட்டத்திலே வேரூன்றிற்று.

அரசியற்றிட்டத்தின் மூன்றாம் வாசகமோ மேலும் ஒருமுறை தன் வேலையைக் காட்டியது. 1966ஆம் ஆண்டுத் தேர்தலில் குடியரசுக் கட்சியின் ஹோவார்ட் கலவே, சனநாயகக் கட்சியின் லெஸ்ரர் மடொக்ஸிலும் சில ஆயிரம் வாக்குக்கள் கூடுதலாகப் பெற்றார். ஆனால் ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் ஆர்னலின் பெயரைக் கையால் எழுதி வாக்களித்தமையின் எவர்க்கும் அறுதிப் பெரும்பான்மை கிட்டவில்லை. நாட்டின் உயர் நீதிமன்றமும் ஐவர்க்கு நால்வராகப் பிரிந்து அனுமதிக்க, சட்டமன்றம் 1967 யனவரியில் இரண்டாமவராகிய மடொக்ஸைத் தெரிவுசெய்தது. அதன் பின்னரே அவ்வாசகம் நீக்கப்பட்டு, பெரும்பான்மை கிட்டாவிடின் மக்களே மீண்டும் வாக்களிக்கும் முறை புகுத்தப்பட்டது.

முடிவுரை

முதலிற் கூறிய இரு அநீதிகளையும் இப்போது ஒப்புநோக்குவோம். யனவரி இரவில் நிகழ்ந்தது வெளிப்படையான அத்துமீறல். உடைந்த கதவை எவரும் காணலாம். போலிப் பெயர்களை நிருபர் ஒருவர் கண்டுபிடிக்கலாம். நீதிமன்றம் விசாரித்துத் தீர்க்கலாம். எனவே அது ஏறத்தாழ இரண்டு மாத காலத்தில் திருத்தப்பட்டது. யூலை 17ஆம் திகதி நிகழ்ந்ததோ சட்டத்தின் உள்ளிருந்தே எழுந்த அநீதி. அதிலே உடைந்தது எதுவுமில்லை, போலி எதுவுமில்லை, எண்ணும் முறை ஒன்றே கோணலாயிருந்தது. அதனைத் திருத்தப் பதினாறு ஆண்டுகளுக்கு மேற் சென்றது. அதுவரை தெரிவான ஆளுநர் பலர். அவர்தம் ஆட்சியிற் செவிசாய்க்கப்படாது போன குடிமக்கள் பல இலட்சத்தினர்.

ஆதலின், தேர்தலொன்றை ஆராயப் புகுவோர் யார் வென்றார், யார் தோற்றார் என்பதோடு அமைதல் கூடாது. வாக்களிக்க அனுமதிக்கப்பட்டோர் யாவர், அவர் வாக்கு எவ்விதம் எண்ணப்பட்டது என்னும் இரு வினாக்களையும் கேட்டல் வேண்டும். சட்டத்தை மீறி வருபவனைக் காவலர் தடுப்பர். சட்டமாகவே வந்து அமர்ந்துகொள்ளும் அநீதியைத் தடுக்கக் காவலர் இல்லை. கொலம்பஸ் நகரில் முடிதிருத்தும் தொழில் செய்த ஒருவரும், புல்டன் மாவட்டத்து வாக்காளர் ஒருவரும் போன்ற சாதாரண குடிமக்கள் நீதிமன்றத்தின் வாயிலிலே சென்று நின்ற நாளில்தான் அது அசையத் தொடங்கிற்று. மூன்று ஆளுநரின் கதையிலே, ஆளுநர் எவரினும் அக்குடிமக்களே பெரியோர் எனல் மிகையாகாது.